இளக்கி

குப்புராஜ் தன் கையாலேயே டம்ளரைத் தூக்கிக் காப்பி குடித்த செவ்வாய்க்கிழமை காலையில் எங்கள் ஆய்வு நிலையத்தில் வேறு எந்த வேலையும் நடக்கவில்லை. மாடியிலிருந்த ஆட்களெல்லாம் இறங்கி வந்து வார்டு வாசலில் நின்றார்கள். நுண்ணோக்கி அறைப் பெண்கள் இரண்டு பேர் அழுதேவிட்டார்கள். ஒன்றரை வருடமாக மடியில் அசையாமல் கிடந்த கைகள் அவை. டம்ளர் நடுங்கியது, பாதிக் காப்பி சட்டையில் கொட்டியது. மீதியை அவர் குடித்தார்.

"சர்க்கரை பத்தலீங்க" என்றார்.

நாக்கு இன்னும் குழறியது. ஆனாலும் புரிந்தது. ஒரு வருடத்துக்குப் பிறகு அவர் வாயிலிருந்து வந்த முதல் முழு வாக்கியம் அது.

அவர் பீளமேட்டில் ஒரு பட்டறையில் மோட்டார் வைண்டிங் வேலை பார்த்தவர். நாற்பத்தேழு வயது. ஒருநாள் செம்புக் கம்பி விரலுக்குள் நிற்காமல் நழுவியிருக்கிறது. அப்புறம் சட்டைப் பித்தான் போட முடியவில்லை. அப்புறம் நடை, பேச்சு எல்லாம் போனது. தசைகளுக்குக் கட்டளை கொண்டுபோகிற நரம்பு செல்கள் ஒவ்வொன்றாக முடங்கிச் செத்துக்கொண்டே போகிற நோய். மூளை மட்டும் கடைசிவரை தெளிவாக இருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கும். அதற்கு மருந்து கிடையாது என்றுதான் மருத்துவப் புத்தகங்கள் சொல்லின. நாங்கள் ஒரு மருந்து செய்திருந்தோம். அதற்குத் தாள்களில் ஒரு நீண்ட ரசாயனப் பெயர் உண்டு. எங்களுக்குள் ‘இளக்கி’ என்போம்.

நாங்கள் என்றால் நானும் ஞானதுரையும். நான் மீனலோசனி, இயற்பியல் படித்தவள். திரவங்களில் துளிகள் எப்படி உருவாகின்றன, எப்போது உறைகின்றன என்பதுதான் என் பாடம். ஞானதுரை தூத்துக்குடிக்காரர், உயிரியல். பதினோரு வருடத்துக்கு முன்னால் ஒரு கருத்தரங்கில், செல்லுக்குள்ளும் அதே மாதிரி துளிகள் இருப்பதைத் திரையில் காட்டினார். நான் எழுந்து நின்று கேள்வி கேட்டேன். அன்றைக்கு ஆரம்பித்தது.

அன்று மாலை நாலரை மணிக்கு கோகிலவாணி வந்தாள். குப்புராஜின் ஒரே மகள். பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். அம்மா தெய்வானை ஒரு பள்ளிச் சத்துணவுக்கூடத்தில் சமையல் வேலை. அதை முடித்து, வீட்டு வேலையும் பார்த்துவிட்டு இருட்டுகிற நேரத்தில்தான் வர முடியும். அதனால் பள்ளி விட்டதும் சீருடையோடு இரண்டு பஸ் மாறி வந்து அப்பாவுக்குக் கஞ்சி ஊட்டுவது கோகிலவாணிதான். வாயைத் துடைப்பாள், பேப்பர் படித்துக் காட்டுவாள், பரீட்சையில் வாங்கிய மார்க்கைச் சொல்வாள். அவர் கண்ணைச் சிமிட்டுவார். ஒரு சிமிட்டலுக்கு ஆமாம், இரண்டுக்கு இல்லை. காலையிலிருந்து அவர் பார்வை சுவர்க் கடிகாரத்தில்தான் இருக்கும் என்று நர்ஸ் சொல்வாள்.

அவளுக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று யாரும் எதுவும் சொல்லவில்லை. அவர் கையில் டம்ளரைப் பார்த்ததும் பையைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தாள். அவர் கையைப் பிடித்து முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. ஆனால் எங்களைச் சங்கடமாகப் பார்த்தார். மெதுவாகக் கேட்டார்:

"அழுவாத அம்மிணி. உன்ற அப்பா எந்த வார்டுல இருக்காரு?"

கிண்டல் செய்கிறார் என்று நினைத்து எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

கோகிலவாணி சிரிக்கவில்லை. அவர் கண்ணை அவளுக்குத்தான் படிக்கத் தெரியும்.

அடுத்த இரண்டு நாள் அவரைக் கேள்விமேல் கேள்வி கேட்டோம். கல்யாணம் அன்னூரில் நடந்தது என்றார். தேதி சொன்னார். தெய்வானை கட்டியிருந்தது மாம்பழ மஞ்சள், அரக்கு பார்டர் என்றார். பட்டறையில் கூட வேலை செய்த ஒன்பது பேரின் பெயரையும் அவரவர் பட்டப்பெயரையும் சொன்னார். வீட்டுச் சொந்தக்காரரின் நாய் எந்த வருடம் செத்தது என்றுகூடத் தெரிந்திருந்தது.

"குழந்தைங்க?" என்று கேட்டேன்.

"அந்தக் கொடுப்பினை எங்களுக்கு இல்லீங்க" என்றார்.

தெய்வானை பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள். என்னைத் தாழ்வாரத்துக்கு அழைத்துக்கொண்டு போனாள்.

"என்ன மருந்துங்க குடுத்தீங்க?"

"மோர் கடையறப்ப வெண்ணெய் எப்படித் திரளுது?" என்று ஆரம்பித்தேன். எல்லோருக்கும் நான் சொல்கிற விளக்கம் அது. "யாராவது ஒவ்வொண்ணாப் பொறுக்கிச் சேக்கறாங்களா?"

"இல்லீங்க. அதுவாச் சேந்துக்கும்."

"உடம்புல ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் அப்படித்தான் நடக்குது. உள்ள ஆயிரம் வேலை நடக்கணும், ஆனா நிறைய வேலைக்குத் தனி அறை, சுவருன்னு ஒண்ணும் கிடையாது. தேவைப்படற புரதமெல்லாம் அதுவாக் கூடி ஒரு துளியா நிக்கும். வேலை முடிஞ்சதும் கரைஞ்சு போயிரும். உங்க வீட்டுக்காரருக்கு அந்தத் துளி கரையாம கல்லுமாதிரி கெட்டியாயிருச்சு. அதனாலதான் நரம்பு முடங்கிப்போச்சு. இளக்கி அந்தக் கல்லை மறுபடி இளக வைக்குது."

தெய்வானை கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள்: "அப்ப என்ற புள்ளையும் அவருக்குள்ள கெட்டியாத்தான் இருந்தாளாட்ட இருக்குதுங்க."

நேராக என் அறைக்குப் போய் முதலில் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்த சோதனையின் கோப்பை எடுத்தேன்.

எதைத் தேடுகிறேன் என்று எனக்குத் தெரியும். இளக்கி கொடுத்த எலிகளில் ஒரு கூட்டத்தை தினமும் ஒரு சிக்கலான பாதையில் ஓடவிட்டோம். இன்னொரு கூட்டம் அதே பாதையை முன்பே கற்றுக்கொண்டு கூண்டில் சும்மா இருந்தது. மாதக் கடைசியில் இரண்டையும் ஓடவிட்டபோது, சும்மா இருந்த எலிகள் வழியைச் சரியாகக் கண்டுபிடித்தன. தினமும் ஓடிய எலிகள் முதல் திருப்பத்திலேயே நின்றுவிட்டன. குறிப்புப் பகுதியில் நான் ‘உடற்சோர்வு’ என்று எழுதியிருந்தேன்.

ஞானதுரை அந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்தார்.

"சோர்வுன்னு எழுதியிருக்கீங்க."

"அப்படித்தான் நெனச்சேன்."

"நெனச்சீங்களா, இல்ல அப்படி இருக்கணும்னு ஆசைப்பட்டீங்களா?"

அதை நான் எழுதிய வாரம்தான் மனிதர்களுக்குக் கொடுப்பதற்கான அனுமதி வருவதாக இருந்தது.

"ஒரு ஞாபகம் வருஷக்கணக்கா எப்படி நிக்குது?" ஞானதுரை தனக்குத்தானே பேசுகிறவர் மாதிரி சொன்னார். "ரெண்டு நரம்பு சேருற இடத்துல ஒரு துளி கெட்டியாயிருது. இந்த நோயில கெட்டியாகறது கெடுதல். அங்க கெட்டியாகறதுதான் ஞாபகம். ஒரு விஷயத்தை நெனைக்கறப்ப அந்தத் துளி கொஞ்சம் இளகும், நெனச்சு முடிச்சதும் திரும்ப இறுகிக்கும். இளக்கி உள்ள இருந்தா?"

"திரும்ப இறுகாது" என்றேன்.

"நெனைக்காத ஞாபகம் பத்திரமா இருக்கும். நெனைக்க நெனைக்கத்தான் கரையும்." கோப்பை மூடினார். "அந்த மனுஷன் கையும் காலும் அசையாம படுத்துக்கிட்டு நாள் பூரா யாரை நெனச்சுக்கிட்டு இருந்திருப்பாரு, லோசனி?"

கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார் என்று நர்ஸ் சொன்னதை அவரிடம் சொன்னேன்.

மருந்தை நிறுத்தினோம். மற்ற பதினோரு நோயாளிகளுக்கும் நிறுத்தி, நெறிமுறைக் குழுவுக்கு எழுதினோம். எலிகளைப் பற்றியும் எழுதினேன். ஒன்பதாவது நாள் குப்புராஜின் விரல்கள் மறுபடி மடங்க ஆரம்பித்தன. நான் வார்டுக்குள் போனதும் இரண்டு கைகளையும் என்னிடம் நீட்டினார்.

"அம்மா, குடுத்த கையைப் புடுங்கிக்காதீங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"உங்களுக்கு ஒரு மக இருக்கா. அவளை மறந்துட்டீங்க. மருந்து குடுத்தா இன்னும் என்னென்ன போகும்னு தெரியாது."

அவர் கோகிலவாணி இருந்த பக்கம் திரும்பினார். அவர் முயன்றார் என்பதை நான் சொல்ல வேண்டும். நெற்றி சுருங்க, வெகுநேரம் அவள் முகத்தையே பார்த்தார். பிறகு தலை குனிந்துகொண்டார்.

"எனக்குத் தெரியலயே கண்ணு" என்றார்.

கோகிலவாணிதான் சொன்னாள். "மருந்தைக் குடுங்க மேடம். செத்துப்போற அப்பா என்னை ஞாபகம் வெச்சிருந்து என்ன ஆவப்போவுது?"

குழு மூன்று கூட்டம் போட்டது. விஷயத்தை நோயாளிகளுக்கும் குடும்பத்தாருக்கும் விளக்கிச் சொல்லி, சம்மதம் வாங்கித் தொடரலாம் என்றது. ஒருவரும் மறுக்கவில்லை. பன்னிரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள், அல்லது கண்ணைச் சிமிட்டினார்கள்.

அதன் பிறகு எங்கள் வார்டு மாறிப்போனது. சுவரிலிருந்த புகைப்படங்களைக் கழற்றினோம். செல்போன்களை வாங்கிவைத்தோம். வேண்டியவர்கள் வரக்கூடாது என்பது விதி. வேண்டாதவர்கள் வரலாம். ஒரு நோயாளியைப் பார்க்க அவருடைய பங்காளி மட்டும் வாராவாரம் வந்து போனார், பத்து வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாதவர். பெண்டாட்டி கேட்டுக்கு வெளியே நின்றாள். யாரையும் நினைக்காதீர்கள் என்று நோயாளிகளிடம் சொல்வது என் வேலையாயிற்று. அப்படிச் சொன்னால் முதலில் யார் முகம் வரும் என்று தெரிந்துதான் சொன்னேன்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் இருந்தார். மகனை நினைத்துவிடக் கூடாது என்பதற்காக விழித்திருந்த நேரமெல்லாம் மனதுக்குள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார். நாலு மாதம் கழித்து மகன் வந்தபோது பெயர் சொல்லி அழைத்தார். இருவரும் கட்டிக்கொண்டார்கள். ஏழெட்டு எவ்வளவு என்று அவருக்குத் தெரியவில்லை. ஏழு என்றால் என்ன என்றும் தெரியவில்லை. வார்டில் எங்களுக்குக் கிடைத்த பெரிய வெற்றி அதுதான்.

குப்புராஜ் வீட்டுக்குப் போனார். நடந்தார், சாப்பிட்டார், பட்டறைக்கும் போக ஆரம்பித்தார்; கைப்பழக்கம் மூளையில் வேறு இடத்தில் இருப்பது, அது கரையவில்லை. மெதுவாகக் கரைகிற ஊசி, மாதம் ஒன்று போதும், ஆனால் உயிரோடு இருக்கும்வரை போட வேண்டும். இளக்கி உடம்பில் இருந்துகொண்டே இருக்கும்.

கோகிலவாணி விடவில்லை. அப்பா முன்னால் உட்கார்ந்து, பிறப்புச் சான்றிதழ், ரேஷன் கார்டு, படங்கள் எல்லாம் காட்டி, நான் உங்கள் மகள் என்று சொன்னாள். அவர் நம்பினார். அழுதார். அவளைத் தோளோடு சேர்த்துக்கொண்டு தெருவெல்லாம் நடந்து, என்ற மக, என்ற மக என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். நாள் முழுக்க அவளையே நினைத்துக்கொண்டிருந்தார். எட்டாம் நாள், காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்த பெண்ணைப் பார்த்து, யாரைப் பார்க்க வந்தாய் என்று கேட்டார்.

நான்கு முறை அப்படி நடந்தது. நோட்டில் தன் கையாலேயே ‘கோகிலவாணி என் மகள்’ என்று எழுதி வைத்துக்கொண்டும் பார்த்தார். காலையில் எடுத்துப் படிப்பார். யாருடைய மகளைப் பற்றியோ படிக்கிற மாதிரி இருக்கிறது என்பார்.

ஐந்தாவது முறை வேண்டாம் என்று கோகிலவாணி சொன்னாள். அதைச் சொல்ல அம்மாவோடு என் அறைக்கு வந்தாள்.

"மகன்னு தெரிஞ்சா என்னையே நெனைப்பாரு. நெனச்சா மறந்துருவாரு. பக்கத்து வூட்டுப் புள்ளைன்னு சொல்லிக்கறேன் மேடம். அப்ப என்னைய அவ்வளவா நெனைக்க மாட்டாரு. மூஞ்சியாச்சும் ஞாபகம் இருக்கும்."

அவளுக்குச் சேலத்தில் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. விடுதியில் தங்கிக்கொள்வாள். லீவுக்கு வரும்போது பக்கத்து வீட்டுப் பெண்ணாக வந்து கொஞ்ச நேரம் அவரோடு பேசிவிட்டுப் போவாள். பதினேழு வயதுப் பெண், ஏதோ பஸ் நேரம் சொல்கிற மாதிரி இதையெல்லாம் சொன்னாள்.

தெய்வானை எழுந்திருக்கும்போது கேட்டாள்.

"அடிக்கடி நெனைக்கறதுதான் போவுமுங்களா?"

"ஆமாம்."

"நெனைக்காதது?"

"அப்படியே இருக்கும். ஒண்ணும் ஆகாது."

தலையை ஆட்டிக்கொண்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மகளுக்கு முன்னால் படியிறங்கிப் போனாள். அவருக்கு உங்களையாவது முழுசாக ஞாபகம் இருக்கிறதே என்று நான் அவளிடம் எத்தனையோ முறை ஆறுதலாகச் சொல்லியிருக்கிறேன். அப்படிச் சொன்னதன் அர்த்தம் அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. இளக்கி உடம்பில் ஏறிய நாளெல்லாம் அசையாமல் படுத்திருந்த மனிதர். நினைப்பதைத் தவிர அவருக்கு வேறு வேலை கிடையாது. கல்யாணச் சேலையின் நிறம்வரை, அவளைப் பற்றிய எதுவும் கரையவில்லை.

எங்கள் கட்டுரை வெளிவந்தது. அரசு அனுமதியும் வந்தது. மற்ற நாடுகளில் இருந்தும் கேட்டார்கள். வேறு விதமான கடிதங்களும் வந்தன. குழந்தையைப் பறிகொடுத்தவர்கள், போர் பார்த்தவர்கள், கெடுக்கப்பட்ட பெண்கள் எழுதினார்கள். எங்களுக்கும் கொடுங்கள், நாங்கள் நினைத்து நினைத்துக் கரைத்துவிடுகிறோம் என்றார்கள். அவற்றுக்கு எப்படிப் பதில் எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருந்த நாட்களில் ஒரு பாதுகாப்புத் துறையிலிருந்து கடிதம் வந்தது. எந்த நாடு என்று நான் சொல்லப்போவதில்லை. மரியாதையான கடிதம். ஒருவருக்கு மருந்தைக் கொடுத்துவிட்டு, அவர் கண்ட ஒரு சம்பவத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னால், எத்தனையாவது தடவையில் அவருக்கு அது மறந்துபோகும்?

ஞானதுரை அதைப் படித்துவிட்டு என் மேசையில் திரும்ப வைத்தார்.

"சாட்சிய வாயாலயே அழிக்கலாம், இல்ல?" என்றார். "உண்மையச் சொல்லு, சொல்லுன்னு கேட்டுக்கிட்டே."

அடுத்த மாதம் வேலையை விட்டுவிட்டுத் தூத்துக்குடிக்குப் போய்விட்டார். இப்போது பள்ளிக்கூடத்தில் பாடம் எடுக்கிறார். என்னையும் கூப்பிட்டார். நான் போகவில்லை. எனக்கு நோயாளிகள் இருந்தார்கள். அந்தக் கடிதத்துக்கு நான் பதில் போடவில்லை. போட வேண்டிய தேவையும் இருக்கவில்லை. எல்லாம் கட்டுரையிலேயே இருந்தது, எண்களோடு.

கோகிலவாணி சேலத்துக்குப் போன ஆறாவது மாதம், ஒரு வெள்ளிக்கிழமை மதியம், குப்புராஜ் ஊசிக்கு வந்தார். மொபெட்டை அவரே ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். தெய்வானை பின்னால் உட்கார்ந்து வந்திருந்தாள். அவர் உள்ளே போனதும் என் அறைக்கு வந்து உட்கார்ந்தாள். கண் வீங்கியிருந்தது. ஆனால் முகம் எப்படியோ வேறு மாதிரி இருந்தது.

"புதன்கெழமை காத்தால அடுப்படிக்கு வந்தாருங்க. என்னையப் பாத்துட்டு அப்படியே வெளிய போய் நின்னுக்கிட்டாரு. யாரோ பொம்பளை உள்ள இருக்குதுன்னு கூச்சப்பட்டுட்டு."

நான் கையிலிருந்த பேனாவை மூடி வைத்தேன்.

"பக்கத்து வூட்டுக்காரங்க வந்து, இது உன்ற சம்சாரந்தாப்பான்னு சொன்னாங்க. சரிங்கன்னாரு. அன்னைலேருந்து என்னைய வாங்க போங்கன்னுதான் பேசறாரு. தின்னுட்டுத் தட்டத்தை அவரே கழுவி வெக்கறாரு, அந்நிய வூட்டுல விருந்துக்கு வந்தவராட்ட."

"தெய்வானை, அளவைக் குறைச்சுப் பார்க்கலாம். கை கொஞ்சம் வலு குறையும். ஆனா புதுசாப் போறது நிக்கலாம். நான்..."

"வேண்டாமுங்க. அவருக்குக் கை வேணும்."

அவள் புடவை மடிப்பை நீவிக்கொண்டே, தரையைப் பார்த்துப் பேசினாள்.

"பாப்பா போன பொறவு பொழுதன்னைக்கும் என்ற பின்னாலயே சுத்துனாருங்க. காய் அரிஞ்சு குடுப்பாரு. நான் சத்துணவு முடிச்சு வர்ற வரைக்கும் கேட்டுலயே நிப்பாரு. லேட்டாச்சுன்னா பஸ் ஸ்டாப்புக்கே வந்துருவாரு. நீங்க சொல்லிருக்கீங்கல்ல, எனக்குத் தெரியுமுங்க என்ன ஆவப்போவுதுன்னு. எந்திரிச்சுப் போயிருக்கோணும். என்ற அண்ணன் வூட்டுக்காச்சும் போயிருக்கலாம். போவலீங்க. கல்யாணமாகி இருவத்திரெண்டு வருசத்துல எனக்குன்னு அந்த ஆறு மாசந்தானுங்க."

ஊசி போட்டுக்கொண்டு குப்புராஜ் வாசலுக்கு வந்திருந்தார். சட்டைக் கையை இறக்கிப் பித்தானைத் தானே போட்டுக்கொண்டார். நானும் கூடவே போர்டிகோ வரைக்கும் போனேன். அவர் மொபெட்டை ஸ்டாண்டிலிருந்து எடுத்து, பின் சீட்டைக் கைக்குட்டையால் தட்டிவிட்டார். வெயிலில் சூடாகியிருக்கும் என்று.

"ஏறிக்கிறீங்களா?" என்று அவளைக் கேட்டார். அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

தெய்வானை ஒருக்களித்து உட்கார்ந்தாள். அவர் தோளைத் தொடாமல், சீட்டுக்குப் பின்னாலிருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.